வேலியோரத்து மருந்து

மாரிகாலத்து மாலைப்பொழுது. குளக்கட்டுக்கு அப்பால் வயல்வெளியெங்கும் நீர் நிற்கிறது. மண்வீட்டின் உள்ளே ஐந்து வயதுக் குழந்தையொன்று இருமிக்கொண்டு படுத்திருக்கிறது. தாய் கலங்கி நிற்கிறாள். அடுப்படியில் இருக்கும் ஆச்சியிடமோ கலக்கம் இல்லை. “பிள்ளை, இருட்ட முன்னம் வேலியடிக்குப் போய் ஆடாதோடை இலை நாலு முறிச்சுக்கொண்டு வா, முத்தின இலையாய்ப் பார்த்து எடு” என்று பேர்த்தியை ஏவுகிறாள். இலை வருகிறது. வேர்க்கொம்பும் மிளகும் மல்லியும் அதனோடு தட்டிப் போடப்படுகின்றன. மட்சட்டியில் 8 பங்கு நீர் ஒரு பங்காக வற்றும்வரை கொதிக்கிறது. குழந்தை முகஞ்சுளித்துக் குடிக்கிறது. குடித்ததற்குக் கூலியாகப் பனங்கட்டித் துண்டொன்று கைக்கு வருகிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னி மாவட்டங்களில் முன்னாளில் இக்காட்சியைக் காணாத வீடு அரிது. இன்றும் சில வீடுகளில் இதனைக் காணலாம். அந்த ஆச்சி பள்ளிக்கூடப் படியை மிதித்தவள் அல்லள். ஆயினும் அவளுடைய சிறு ஏவலுக்குள்ளே ஓர் அறிவுத்துறையின் முழு இலக்கணமும் அடங்கிக் கிடக்கிறது. எந்தச் செடி, அதன் எந்த உறுப்பு, எவ்வளவு, எவ்வாறு ஆக்குவது, யாருக்குக் கொடுப்பது என்னும் ஐந்தையும் அவள் அறிவாள். இவ்வைந்துக்கும் மேலாக ஆறாவதொன்றையும் அறிவாள். வீட்டு மருந்தை எந்த வேளையில் நிறுத்திவிட்டு வைத்தியரைத் தேடிப் போகவேண்டும் என்பதே அது. இந்த ஆறும் ஒருங்கிருந்த காலத்தில் வேலியோரத்துப் பச்சிலை மருந்தாக இருந்தது. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதே பச்சிலை வீண்பொருளாகவோ நஞ்சாகவோ மாறிவிடும். இன்றைய பேச்சுக்குப் பொருளாவது இதுவேயாம்.

வன்னி நிலம் மழையை நம்பிய நிலம். ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழையே குளங்களை நிரப்புகின்றது; அதன்பின் நீண்ட வறட்சி. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் ஓங்கிய காடு, காட்டின் நடுவே குளம், குளத்தின் கீழ் வயல், வயலருகே ஊர் என்பதே அந்நாட்டின் அமைப்பு. மழையில் முளைத்து மழையோடு மறையும் பூண்டுகளும், வறட்சியைத் தாங்கி நிற்கும் கொடிகளும் மரங்களும் அங்கே ஒருங்கே வளர்கின்றன. எனவே மாரியில் இலையும் கோடையில் வேரும் பட்டையும் எடுத்தல் வழக்கமாயிற்று. பொன்னாங்காணியும் வல்லாரையும் குளத்தோரத்து ஈரத்தில் கிடைக்கும். முடக்கொத்தானும் மொசுமொசுக்கையும் முசுட்டையும் வேலியில் படரும். கீழ்காய்நெல்லி, மழை விட்ட முற்றத்திலே தானே முளைக்கும். ஆவரசு வெளிகளில் மஞ்சள் மலர் சொரிந்து நிற்கும். வேம்பின்மேற் படர்ந்த சீந்திலே சிறந்தது என்பது முதியோர் கொள்கை.

ஊர்ப்பெயர்களிலும் இச்செல்வம் பதிந்து கிடக்கிறது. நொச்சிமோட்டை, வேப்பங்குளம், மருதோடை, புளியங்குளம் என்று வன்னியிலே மரஞ்செடிகளைப் பெயராகக் கொண்ட ஊர்கள் பல. முல்லைத்தீவு மாவட்டத்தில் பழம்பாசி என்றோர் ஊர் உண்டு. பழம்பாசி என்பது சித்த வைத்தியர் நன்கறிந்த சிறு பூண்டொன்றின் பெயருமாம். ஊரை அடையாளங் காட்டுவதற்குச் செடியைச் சுட்டிய மக்கள், அச்செடியை எவ்வளவு நெருங்கிப் பழகியிருத்தல் வேண்டும்!

வீட்டு மருந்தின் முதற்சாலை அடுப்படியே. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு என்பன கறிக்குரிய சரக்குகளாகவும் மருந்துக்குரிய சரக்குகளாகவும் ஒருங்கே நிற்பன. தடிமனுக்கு மல்லி அவித்துக் குடித்தலும், வயிற்றுப் பொருமலுக்கு உள்ளி சேர்த்த இரசம் கொடுத்தலும், வேப்பம்பூவைக் காயவைத்து வடகமாக்கி உண்ணுதலும் உணவா மருந்தா என்று பிரித்துரைக்க இயலாதன. பச்சரிசியோடு பல இலைகளின் சாறு சேர்த்துக் காய்ச்சும் இலைக்கஞ்சியும் அத்தகையதே. பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்கு அரைத்துக் கறி ஆக்கிக் கொடுப்பர். ஆடாதோடை, நொச்சி, பாவட்டை, வேம்பு முதலியவற்றின் இலைகளை அவித்த நீரில் அவளைக் குளிப்பாட்டுவர். மருந்தின் குணம் ஒருபுறமிருக்க, வீட்டிலுள்ள பெண்கள் அனைவரும் ஒரு தாயைச் சூழ்ந்து நின்று பேணுகின்ற ஒழுங்கு அதனுள் இருந்தது. இளைத்த உடம்புக்கு அந்த ஓய்வும் சூடும் ஊட்டமும் தந்த பயன் சிறிதன்று.

ஆயினும் ஒரு நுட்பம் இங்கே கவனிக்கத்தக்கது. பிரசவத்துக்குப் பின் தாயைக் குளிப்பாட்டும் ஆடாதோடையை, கருவுற்றிருக்கும் காலத்தில் உள்ளுக்குக் கொடுத்தலாகாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. செடி ஒன்றே, ஆள் ஒருத்தியே, காலம் மாறியதும் மருந்து தீங்காகிறது. யாருக்கு, எப்போது என்னும் கேள்வியின் அருமை இதனால் விளங்கும்.

வன்னியின் பழங்கதையைப் பேசுவோர் காய்ச்சலைப் பேசாமல் இருத்தல் இயலாது. 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்பார் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைந்நூலிலே, குளங்களை அண்டிய சிற்றூர்களும் அவற்றை வருத்திய நோய்களும் பேசப்படுகின்றன. மலேரியா எனப்படும் குளிர்காய்ச்சல் அங்கே ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தென்மேற்குப் புறத்தை அக்காய்ச்சல் கொள்ளைநோயாகத் தாக்கி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. வன்னி மக்களுக்கு அது புதிதன்று. நிலவேம்பு, சீந்தில், பற்படாகம், விட்டுணுகரந்தை, வேப்பம்பட்டை ஆகிய கைப்புச் சரக்குகளால் ஆன குடிநீரே அவர்களுக்கு நெடுங்காலம் துணையாய் இருந்தது.

அத்துணை போதுமானதாய் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே நேர்மையாக விடை கூறவேண்டும். குடிநீர் உடற்சோர்வைத் தணித்திருக்கலாம். ஊர்கள் நலிந்ததை அது தடுத்துவிடவில்லை. தென்னமெரிக்க மலைச் சாரலிற் பிறந்த சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட கொயினா மருந்தும், 1940களில் வந்த டீ.டீ.ரீ. என்னும் நுளம்புகொல்லியும், ஊர் ஊராகக் குருதி சோதித்த பொதுச்சுகாதார ஊழியரின் உழைப்புமே அந்நோயை அடக்கின. 2012க்குப் பின் இந்நாட்டுக்குள்ளே புதிதாகத் தொற்றிய மலேரியா இல்லாமையால், 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

சின்கோனாவும் ஒரு மூலிகைதானே என்று கேட்கலாம். ஆம், இலங்கையிலேயே அதனைப் பயிரிடுவதற்காக 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. மூலிகையை இகழ்வதற்கு இக்கதை இடந்தராது. அளவறிந்து, முறையறிந்து, சோதித்துக் கொடுத்தபோதே மூலிகை வென்றது என்பதே இதன் படிப்பினை. சீன நாட்டுக் கதை இதனை இன்னுந் தெளிவாகக் காட்டும். அங்கே மலேரியாவுக்குரிய மருந்தொன்றைத் தேடிய தூ யூயூ என்னும் அம்மையார், கிங்ஹாவ் எனப்படும் செடியைப் பழைய முறைகளிலே காய்ச்சிப் பார்த்தார், பலன் நிலைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டிலே கே ஹோங் என்பார் எழுதிய மருத்துவ நூலை அவர் திரும்பப் படித்தார். அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கும்படி அந்நூல் சொல்லியிருந்தது, காய்ச்சும்படி சொல்லவில்லை. வெப்பம் மருந்தை அழித்துவிடுகிறது என்று அவர் உய்த்துணர்ந்தார். குறைந்த சூட்டில் மருந்தைப் பிரித்தெடுத்தார். அதுவே ஆர்ட்டிமிசினின். 2015இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. “ஊறவைத்துப் பிழி” என்னும் ஒரு குறிப்பு அந்தப் பழைய நூலிலிருந்து அழிந்துபோயிருந்தால், செடியின் பெயர் மட்டும் எஞ்சியிருந்தால், உலகம் ஒரு பெருமருந்தை இழந்திருக்கக்கூடும்.

வன்னி வேலிகளிலே நிற்கும் செடிகளையும் ஆராய்ச்சியாளர் விட்டுவைக்கவில்லை. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே, சளியை இளக்கும் புரோம்எக்சின் என்ற மருந்து 1960களில் மேனாட்டில் ஆக்கப்பட்டது. ஆச்சியின் இருமற் குடிநீருக்கு அறிவியல் தந்த சான்று அது எனலாம். ஆனால் எல்லாச் செடிக்கும் இவ்வாறு சான்று கிடைத்துவிடவில்லை. செங்கமாரிக்குக் கொடுக்கப்படும் கீழ்காய்நெல்லியை எடுத்துக்கொள்வோம். 1988இல் சென்னை ஆய்வாளர் அதனை ஈரலழற்சி பீ நுண்ணங்கியைச் சுமந்தோருக்குக் கொடுத்துப் பார்த்து நற்பயன் கண்டதாக எழுதினர். உலகமே அதனை ஆவலோடு நோக்கியது. பின்னர் வேறிடங்களிற் செய்த சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. செங்கமாரியுள் தானே தணிவதும் உண்டு. ஈரலை அழிப்பதும் உண்டு. கண் மஞ்சளித்தவரை வீட்டில் வைத்து இலையரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

அளவு தவறுவதாற் கேடு விளையும் என்பதற்கு அண்மைக்காலத்துச் சான்றும் உண்டு. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இந்தியாவிலே பலர் சீந்திலை நாள்தோறும் உட்கொண்டனர். அவ்வாறு உட்கொண்ட சிலருக்கு ஈரல் பழுதுற்றதை மும்பாய் மருத்துவர்கள் 2021இல் எழுதி வெளியிட்டனர். அது சீந்திலாலன்று, சீந்திலை ஒத்த பிறிதொரு கொடியால் விளைந்தது போலும் என்று மறுத்தோரும் உளர். எது உண்மையாயினும் பிழை ஆச்சியின் ஆறு கேள்விகளுள் ஒன்றிலேதான் இருக்கிறது: ஒன்று, செடி தவறியது, அன்றேல், அளவு தவறியது.

செடி தவறுவதன் கொடுமைக்குப் பெல்ஜிய நாட்டின் தலைநகராகிய பிரசல்சில் நிகழ்ந்தது பெருஞ்சான்றாகும். உடல் மெலிவதற்காக அங்கே பெண்கள் உண்ட சீன மூலிகை மருந்திலே, ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயரொற்றுமையுடைய வேறொரு மூலிகை சேர்ந்துவிட்டது. சிறுநீரகம் அழிந்து அவர்கள் துன்புற்ற செய்தி 1993இல் வெளியாயிற்று. பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றுக்கு மேற்பட்டது. தவறிச் சேர்ந்த அச்செடி, தமிழர் ஆடுதின்னாப்பாளை என்று வழங்கும் செடியின் இனத்தைச் சேர்ந்தது. புழுவுக்கும் விடக்கடிக்கும் ஆடுதின்னாப்பாளையை உள்ளுக்குக் கொடுத்தல் பழைய வழக்கம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைக்கும் என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகியுள்ளது. முன்னோர் செய்தது என்பதற்காக இதனைத் தொடர்தல் அறிவுடைமையாகாது. பயன் உடனே தெரியும். சிறுநீரகம் கெடுவதோ மெல்ல மெல்லத் தெரியவரும். ஒரு வாழ்நாளின் அனுபவம் மட்டும் கொண்டு அதனைக் கண்டுபிடித்தல் முன்னோர்க்கு அரிதாயிருந்தது.

கார்த்திகைப் பூவும் அத்தகையதே. மாரியிலே வன்னி வேலிகளில் செம்மையும் மஞ்சளும் கலந்து தீச்சுடர்போல் மலரும் அக்கொடியின் கிழங்கு பெருநஞ்சு. அதிலுள்ள கொல்சிசின் என்னும் பொருள், வைத்தியசாலையிலே அணுவளவாக அளந்து மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படுகிறது. அதே கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென்று எண்ணி அவித்து உண்டோர் இறந்ததும் உண்டு. இடப்பெயர்வுகளிலே வளர்ந்து, காட்டுக் கிழங்கை இனங்காணும் வாய்ப்பைப் பெறாத இளந்தலைமுறைக்கு இந்த எச்சரிக்கை மிகவும் வேண்டற்பாலது.

விடக்கடி பற்றி ஒரு சொல். நாகமும் புடையனும் விரியனும் வயலிலும் வீட்டிலும் மக்களோடு வாழ்கின்ற நாடு வன்னி. பழைய விடக்கடி வைத்தியர் கடிவாயைப் பார்த்தும் குறிகளைக் கேட்டும் பாம்பை இனங்காண்பதில் வல்லவராயிருந்தனர். கடியுண்டவரின் அச்சத்தைத் தணித்து ஆறுதல் கூறுவதிலும் வல்லவராயிருந்தனர். ஆயினும் உடம்பிற் கலந்த நஞ்சை முறிப்பது, குதிரையின் குருதியிலிருந்து ஆக்கப்பெறும் முறிமருந்தே. அஃது அரசினர் வைத்தியசாலையிற் கிடைப்பது. தரையில் உறங்குபவரை இரவிலே தீண்டும் விரியனின் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தோன்றா; விடியுமுன் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும். பச்சிலை தேடும் ஒரு நாழிகையும் அங்கே உயிருக்கு விலையாகிவிடும்.

இனி, இவ்வறிவைக் காத்து வந்தோரைப் பார்ப்போம். ஆச்சிக்கு மேலே ஊர்ப் பரியாரியார் இருந்தார். அவர் வீட்டிலே ஏட்டுச் சுவடிகள் இருந்தன. யாழ்ப்பாணத்து அரசர் காலத்து நூல்களாகிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் அவ்வாறு ஏடுகளிலே வாழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் அச்சேறின. பரராசசேகரத்தைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளைக்குத் தமிழுலகம் கடப்பாடுடையது. த்ரைமன் என்னும் தாவரவியலார் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலிலே செடிகளின் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் குறிக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் தன்னுள் அடக்கி அதற்கு நிலையளித்தது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவக் கல்வி தொடங்கிற்று.

நூலிற் புகுந்தது இவ்வளவு. நூலிற் புகாதது இதனினும் மிகுதி. குறித்த ஓர் ஊரில் எந்தப் பள்ளத்தில் எந்தச் செடி எந்த மாதத்தில் முளைக்கும், அவ்வூரார் அதனை என்ன பெயரால் அழைப்பர், ஒரு பிடி என்பது எவருடைய கைப்பிடி என்பன எல்லாம் வாய்மொழியிலேயே நின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரிலே வன்னி மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்து, எஞ்சியோர் 2,50,000க்கு மேற்பட்டோர் முகாம்களைச் சேர்ந்தனர். அவர்களுள் மிகப் பலர் இருந்தது செட்டிகுளத்து முகாமிலே. கையிற் பிள்ளையைத் தூக்குவதா, ஏட்டுக்கட்டைத் தூக்குவதா என்ற நிலையில் ஏட்டுக்கட்டு பின்தங்கியதில் வியப்பில்லை. அவ்வழியிலே உயிர்நீத்த முதியோர் ஒவ்வொருவரோடும் ஒரு சுவடி மறைந்தது. 2012இல் அம்முகாம் மூடப்பட்டது. திரும்பி வந்தோர் பலர் கண்டவை, வேலியில்லாத வளவும் பற்றை மூடிய கிணறுமே. கிளுவையும் ஆடாதோடையும் நொச்சியும் நின்ற உயிர்வேலிக்குப் பதிலாகக் கம்பிவேலி வந்தது. வயல் வரம்பிற் களைநாசினி தெளிக்கப்பட்டது; நெல்லுக்குப் பகையான களையோடு மனிதனுக்குத் துணையான பூண்டும் கருகிற்று.

இந்நிலையில் எஞ்சுவது பெயர்களே. இன்னதற்கு இன்ன இலை நல்லது என்னும் ஒற்றை வரி கைப்பேசி வாயிலாக ஊரெல்லாம் பரவுகிறது. உறுப்பும் அளவும் முறையும் ஆளும் எல்லையும் அவ்வரியிற் காணப்படா. டெங்குக் காய்ச்சலுக்குப் பப்பாசி இலைச்சாறு போதும் என்று கேள்வியுற்று நாளைக் கடத்துவோர், அக்காய்ச்சல் தணிவதுபோலத் தோன்றும் நாளே மிகக் கொடிய நாளாகலாம் என்பதை அறியார். ஆச்சி அறிந்திருந்த ஆறாவது அறிவு அங்கேதான் தேவைப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் பெருஞ்செலவுடையதன்று. வன்னியின் ஒவ்வொரு பாடசாலையும் தன் வளவிலே அவ்வூருக்குரிய 20, 30 செடிகளையேனும் நட்டுப் பேணலாம். மாணவர் தத்தம் பாட்டன் பாட்டியரிடமும் ஊர்ப் பரியாரியாரிடமும் கேட்டு, கொப்பியொன்றில் ஆறு நிரல்கள் வகுத்து எழுதலாம். செடியின் ஊர்ப்பெயர், கொள்ளும் உறுப்பு, அளவு, ஆக்கும் முறை, கொடுக்கத் தகாதோர், வைத்தியரிடம் செல்லவேண்டிய எல்லை என்பவையே அவ்வாறு நிரல்கள். எழுதியதைச் சித்த வைத்தியர் ஒருவரும் தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் ஒப்புநோக்கித் திருத்தலாம். ஐயமுள்ளது ஐயமென்றே குறிக்கப்படலாம். தீங்கென்று தெளிந்தது தீங்கென்று சிவப்பு மையால் எழுதப்படலாம். ஒரு தவணைக்குள் ஓர் ஊரின் மருந்தறிவு ஏடேறிவிடும். முதியோர் இருக்கும்போதே செய்யவேண்டிய பணி இது. அடுத்த ஆண்டுக்கென்று தள்ளிவைக்கத் தக்கதன்று.

அந்த மாரிக்கால மாலையிலே குடிநீர் குடித்த குழந்தையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்றிரவு ஆச்சி உறங்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சின் ஒலியைக் காதுகொடுத்துக் கேட்டாள். விலா உள்வாங்குகிறதா என்று விளக்கொளியிற் பார்த்தாள். விடியற்காலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அவள் மறுபடியும் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. “இனி இது என்ரை கையில இல்லை, பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்று மகளிடம் சொல்லி, போர்வையை எடுத்துக் குழந்தையைப் போர்த்தாள்.